மெஷின் சொன்ன குணம்

புதுக்கோட்டை ரயில் நிலையத்துக்கு எடை மெஷின் வந்தது ஐம்பதுகளின் தொடக்கத்தில். ஏறி நின்று ஓரணாவைப் போட்டால் உள்ளே ஏதோ கடகடவென்று உருளும். சின்ன அட்டை ஒன்று வந்து விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் நம் குணம். எடையைப் பார்த்தவர்களை நான் அதிகம் கண்டதில்லை. குணத்தைத்தான் சத்தம் போட்டு வாசிப்பார்கள். பெரும்பாலும் புகழ்ச்சியாகவே இருக்கும். ஓரணாவுக்கு அவ்வளவு புகழ்ச்சி வேறெங்கும் கிடைக்காது.

அண்ணன் அப்போது பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, திருமயம் பக்கத்து முதலாளி ஒருவரின் மலாயா கடைக்குப் போகக் காத்திருந்தான். இன்னொருவனும் அதே வேலைக்கு நின்றான். இருவருக்கும் கணக்கு நன்றாக வரும். இடம் ஒன்றுதான். இப்படி முடிவு எட்டாத விஷயங்களுக்கு முதலாளி வீட்டில் பூக் கட்டிப் பார்ப்பது வழக்கம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனி இலையில் மடித்து அம்மன் முன்னால் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சம்மதம். மனசு ஒப்பவில்லை என்றால் மறு உத்தரவும் கேட்பார்கள். அதற்காகச் சாமி கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

முதலாளிக்கு அந்த வருஷம் நாகரிகம் தலைக்கேறியிருந்தது. பூவை மடிப்பவர் பூசாரி, பூசாரியைக் கைக்குள் போட்டுக்கொள்ளலாம், மெஷினை யார் கைக்குள் போட்டுக்கொள்வது என்று கேட்டார். பள்ளி ஆசிரியரான அப்பாவுக்கு இந்த நியாயம் ரொம்பப் பிடித்துப்போனது. வீட்டுக்கு வந்து ஆத்தாவிடம் பெருமையாகச் சொன்னார். “மெஷினுக்குச் சாதி தெரியாது, சொந்தக்காரன் தெரியாது. இனிமே நம்ம புள்ளைகளுக்கும் நியாயம் கெடைக்கும் பாரு.” சமஸ்தானம் போய்ச் சர்க்கார் வந்தபோதும் அவர் இதே குரலில்தான் பேசினார் என்று ஆத்தா பிற்பாடு சொல்வாள்.

இருவரையும் மெஷினில் ஏற்றிப் பார்த்து முடிவு செய்ய எல்லாரும் ஸ்டேஷனுக்குப் போனோம். நானும் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு போனேன். மற்றவனுக்கு நாணயமானவர், நிதானமானவர் என்று வந்தது. அண்ணனுடைய அட்டையை முதலாளியே எடுத்து வாசித்தார். நம்பியவரை நடுவழியில் விட்டுச் செல்லும் குணம் உமக்கு உண்டு, திருத்திக்கொள்க என்றிருந்தது.

இன்னொரு தரம் ஏறிப் பார்க்கட்டுமா என்று அப்பா கேட்டார். முதலாளி சிரித்தார். “பூவுன்னா மறுபடி கேக்கலாம் வாத்தியாரே. மெஷின் என்ன நம்ம மொகத்தப் பாத்தா பேசுது?” அப்பாவின் நியாயமே அப்பாவின் வாயை அடைத்துவிட்டது. அந்த வரியை எந்த ஊரில் உட்கார்ந்து யார் எழுதினான், எங்கள் அண்ணனை அவன் எங்கே பார்த்தான் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் யாரிடம் போய் முறையிடுவது? தாசில்தார் தப்பாகச் சொன்னால் கலெக்டரிடம் போகலாம். நாங்கள் வீடு திரும்பினோம்.

அந்த வேலை போனதை நான் பெரிதாக நினைக்கவில்லை. ஊரும் அந்த வரியைச் சீக்கிரம் மறந்துவிட்டது. அண்ணன்தான் மறக்கவில்லை. மறு வருஷமே வேறொரு கடைக்காரர், மெஷின் கிஷின் என்று எதுவும் பேசாமல், பினாங்குக்கு வரச் சொன்னார். அப்பா காலமாகியிருந்த நேரம். அண்ணன் மறுத்துவிட்டான். ஏன் என்று நான் குடைந்தபோது, “ஆத்தாவ விட்டுட்டுப் போனா அது சொன்னது சரியாப் போயிரும்” என்றான்.

நான் கேலி செய்தேன், சண்டை போட்டேன், அழுதும் பார்த்தேன். வளர்ந்த பிறகு, ஆத்தாவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். கீழராஜ வீதி ஜவுளிக்கடை ஒன்றில் துணி கிழித்துப் போட்டே காலத்தை ஓட்டினான். கல்யாணப் பேச்சையும் தட்டிக்கழித்தான். அந்த இரும்புப் பெட்டியை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. தன் குணம் இன்னதென்று அவனே அறிந்துகொள்ளும் முன்னால் அது சொல்லிவிட்டது. அதைப் பொய்யாக்குவதற்கே அவன் ஆயுசு செலவாகிவிட்டது.

எண்பதுகளில் ஆத்தா படுத்த படுக்கையானாள். ஒரு மத்தியானம் அவளுக்குக் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்த அண்ணன், வாயைத் துடைத்துவிட்டுக் கேட்டான்.

“ஆத்தா, நான் ஒன்னய விட்டுட்டு எங்கிட்டும் போகலதானே?”

ஆத்தா அவன் நரைத்த தலையைப் பார்த்தாள்.

“போகலப்பா,” என்றாள். “போயிருக்கலாம்.”