கிடை போட்ட மூன்று மா

குடவாசலுக்கு மேற்கே இருக்கிற டவுன் அது. பேரைச் சொல்வதாக இல்லை. சொன்னால் இன்றைக்கும் வரிந்துகட்டிக்கொண்டு சண்டைக்கு வர ஆள் இருக்கிறது. எழுபதுகளின் நடுவில் அந்த டவுனுக்கு ஸ்டேடியப் பைத்தியம் பிடித்தது. டீக்கடை, சலூன், பஸ் ஸ்டாண்டு, கோயில் வாசல், பள்ளிவாசல் தெரு, எங்கே போனாலும் இதே பேச்சு. கட்டியே தீரவேண்டும் என்று ஒரு கூட்டம். குடிதண்ணீர்க் குழாய்க்கு வழியைக் காணோம், பந்து விளையாட மேடை ஒரு கேடா என்று இன்னொரு கூட்டம். கட்டுவது என்று பாதி முடிவானதும் அடுத்த சண்டை பேருக்கு. தலைவர் பேரை வைக்கவேண்டும் என்றது ஆளுங்கட்சி. இடம் கொடுப்பவரின் அப்பா பேரை வைக்கவேண்டும் என்றது மிராசுக் கூட்டம். சலூனில் ஒருநாள் பாதி சவரத்தோடு இரண்டு பேர் எழுந்து அடித்துக்கொண்டார்கள். இவ்வளவு பேசினார்களே, அந்த இடத்தில் ஒருத்தி நெல் விளைய வைத்துச் சாப்பிடுகிறாளே என்று ஒரு வாய், ஒரே ஒரு வாய் பேசியிருக்கக்கூடாதா? பேசவில்லை.

அந்த ஒருத்தி பொன்னுத்தாய்.

பிறந்தது கீழத்தெருவில். அப்பன் பண்ணையாள். வேலைக்குப் பிந்தி வந்தால் சவுக்கால் அடித்து, சாணியைக் கரைத்துப் புகட்டிய காலத்தில் அடியும் வாங்கி, அதையும் குடித்தவர். அவர் வாயே திறக்காத மனுஷர். மகளுக்கு அந்த வாயும் சேர்த்து வாய்த்திருந்தது. நடவு வயலில் அவள் குலவை போட்டால் ஆற்றுக்கு அக்கரையில் கேட்கும். கூலி உயர்வு கேட்டுச் செங்கொடி பிடித்ததற்காகப் போலீஸ் வேனில் ஏற்றியபோதுகூட, "அரை மரக்கால் கூடக் குடுக்கச் சொல்லுங்க, எறங்கிடறோம்" என்று பேரம் பேசினவள். மிராசு குஞ்சிதபாதத்தை ஊரே "ஆண்டே" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது, முதன்முதலில் "ஐயா" என்று கூப்பிட்டதும் அவள்தான். அதற்காக அவள் புருஷன் காத்தான் சில நாள் அவளோடு பேசவில்லை. கோபம் இல்லை, பயம்.

காத்தான் மாடாய் உழைப்பவன். அவனுக்குத்தான் குஞ்சிதபாதம் டவுனுக்குக் கிழக்கே மூன்று மா நிலத்தைக் குத்தகைக்கு விட்டார். மூன்று மா என்றால் ஒரு ஏக்கர். குத்தகைக்காரர்கள் தங்கள் பேரைப் பதிந்துகொள்ளலாம் என்று சட்டம் வந்ததும் பொன்னுத்தாய் குதித்தாள். "நாளைக்கே போயிப் பதிஞ்சுட்டு வாய்யா" என்றாள். மிராசை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பதியலாம் என்றான் காத்தான். கேட்டான். மிராசு சிரித்தார். "ஏன்டா காத்தா, உன்னை நான் எறக்கி விட்டுடுவேனா? பேப்பர்ல எழுதித்தான் நமக்குள்ள உறவா?" அவ்வளவுதான், காத்தான் உருகிப்போனான். பதியவில்லை. அடுத்த ஐப்பசியில் வரப்பில் பாம்பு தீண்டிச் செத்தும் போனான்.

இரண்டு பெண் பிள்ளைகளையும் அந்த மூன்று மாவையும் வைத்துக்கொண்டு பொன்னுத்தாய் நின்றாள். ஏர் பிடிக்க மட்டும் ஆள் வைத்துக்கொண்டாள். மற்றதெல்லாம் அவள் கைதான். நிலம் இருந்தால் வீட்டில் சோறு. நிலம் போனால் மறுபடியும் இன்னொருத்தன் வயலில் கூலிக்குக் குனியவேண்டும், பெண்களும் கூடவே குனியவேண்டும். அவளுடைய கவலை மொத்தமும் இதுதான்.

இந்த நேரத்தில்தான் உச்சவரம்புச் சட்டம் குஞ்சிதபாதத்தின் கழுத்துக்கு வந்தது. வரம்புக்கு மேலே இருக்கிற நிலத்தை அரசாங்கம் எடுத்து இல்லாதவனுக்குக் கொடுத்துவிடும். அவருக்கு மனசு வருமா? பொதுக்காரியத்துக்கு என்று எழுதிவைத்துவிட்டால் பேராவது மிஞ்சும். டவுனுக்குக் கிழக்கே ஒரு வேலி, அதாவது பொன்னுத்தாயின் மூன்று மாவும் சேர்ந்த இருபது மா நிலம், ஸ்டேடியத்துக்குத் தானம் என்று மேடையில் அறிவித்தார். தானமாம், தானம்! ஊரார் வயிற்றில் அடித்து ஒரு தானம். அங்கே பயிர்செய்த மற்ற குடும்பங்களை, ஆளுக்கு ஒரு மனைக்கட்டு தருவதாகச் சொல்லி மடக்கிவிட்டார்கள். பக்கத்து வயல்காரன் பஞ்சநதத்துக்கு ஸ்டேடியத்தில் வாட்ச்மேன் வேலை என்று ஆசை காட்டினார்கள். பொன்னுத்தாய் ஒருத்திதான் முடியாது என்றாள்.

விவசாயத் தொழிலாளர் சங்கத்துத் தோழர் ஒருவர் சைக்கிளில் வந்து விவரம் சொன்னார். "இத பாருங்க பொன்னுத்தாயி, தாசில்தாரு நேர்ல வந்து பாக்கப்போறாரு. சாகுபடி நிலம்னு அவரு எழுதிட்டா உங்களை எவனும் அசைக்க முடியாது. தரிசுன்னு எழுதிட்டாருன்னா போச்சு, மிராசு வச்சதுதான் சட்டம். வயலைப் பாத்தா வயலாத் தெரியணும், அவ்வளவுதான்."

அவர் சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். பொன்னுத்தாய்க்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சித்திரை மாதம் அது. ஆற்றில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. சம்பா அறுப்புக்கு முன்னால் தெளித்த உளுந்து, தை மாதம் காலம் தப்பிக் கொட்டின மழையில் அழுகிப்போயிருந்தது. நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. இந்த அதிகாரிகளுக்கு நிலம் பார்க்க வெயில் காலம்தான் வாய்க்கும். கார்த்திகைச் சேற்றில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டு யார் இறங்குவது? வெடித்துக் கிடக்கிற மண்ணைக் காட்டி இது வயல் என்று எப்படி நம்பவைப்பது?

அப்போதுதான் ராமநாதபுரத்துக் கீதாரிகள் ஆட்டு மந்தையோடு வந்து இறங்கினார்கள். நெல் விளைகிற இந்தப் பக்கத்தில் கோடைக்குக் கோடை நடப்பதுதான். பகலில் ஆடுகளை மேய்த்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் ஒரு வயலில் வலை கட்டி அடைத்துவைப்பார்கள். புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் இறங்கும். அடுத்த நடவுக்கு அதைவிட நல்ல எரு கிடையாது. அதுதான் கிடை. கிடை போட்ட வயல் என்றால் அதற்கு ஒரு குடியானவன் இருக்கிறான், அடுத்த பயிருக்குத் தயாராகிறான் என்று அர்த்தம். சும்மா கிடக்கிற நிலத்துக்கு எந்தக் கிறுக்கன் நெல் அளந்து கிடை போடுவான்? தாசில்தார் உத்தியோகம் பார்க்கிற மனுஷருக்கு இதுகூடவா தெரியாது என்று நினைத்தாள் பொன்னுத்தாய். அங்கேதான் தப்புப் பண்ணினாள். பாவி மகள், அங்கேதான் தப்புப் பண்ணினாள்.

கீதாரி சாத்தையாவிடம் போய் நின்றாள். கிடைக்கூலி கொடுக்க வீட்டில் வேறு நெல் இல்லை. விதைக்கு வைத்திருந்ததில் பாதியை அளந்து கொடுத்தாள். "அண்ணே, தாசில்தாரு வர்ற அன்னிக்கு மட்டும் ஆட்டை மேய்ச்சலுக்கு ஓட்டிடாதீங்க. அவரு கண்ணால பாக்கட்டும்."

சாத்தையா தாடையைச் சொறிந்தார். "வெயிலு ஏறுனா ஆடு தாங்காதே தாயி."

"ஒரு நாள்தாண்ணே. எம் பொழப்பே அதுலதான் இருக்கு."

தாசில்தார் மெட்ராஸில் பிறந்து மெட்ராஸிலேயே வளர்ந்தவர். கெட்ட மனுஷர் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். கெட்டவராக இருந்தால் திட்டியாவது ஆற்றிக்கொள்ளலாம். ஜீப்பை விட்டு இறங்கினதும் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். பஞ்சநதம் அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றான்; மிராசு அனுப்பியிருந்தார். வலைக்குள் ஆடுகள் வெயில் தாங்காமல் கத்திக்கொண்டிருந்தன.

"ஆடெல்லாம் யாருதும்மா?" என்று கேட்டார் தாசில்தார்.

"கீதாரி ஆடுங்க. ராமநாதபுரத்து ஆளு."

"வருஷா வருஷம் வருமா?"

"தவறாம வருங்க! எங்க பாட்டன் காலத்துலேர்ந்து வருது." பெருமையாகச் சொன்னாள் பொன்னுத்தாய்.

"ஊர் மாடுங்களும் மேயுமா?"

"அறுப்பு முடிஞ்சா எல்லா மாடும் மேயுங்க. நாங்க யாரையும் தடுக்கிறதில்ல."

தாசில்தார் தலையாட்டினார். பொன்னுத்தாயும் தலையாட்டினாள். இந்த ஆடு எதற்கு இங்கே நிற்கிறது என்று விளக்கவேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. கண்ணுக்கு எதிரே இருப்பதை யாராவது விளக்குவார்களா? குடை பிடித்துக்கொண்டிருந்த பஞ்சநதத்துக்கு மட்டும் அவர் கேட்கிற கேள்வியின் போக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டான். அன்று சாயங்காலம் பொன்னுத்தாய் பெண்களுக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்துப் போட்டாள். "போட்டோம்ல கிடையை! இனிமே எவன் அசைப்பான்?" என்று சிரித்தாள். புருஷன் செத்த பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பெண்கள் பார்த்தார்கள்.

வைகாசியில் பொதுமக்கள் கருத்துக் கேட்கிறோம் என்று பள்ளிக்கூட ஹாலில் கூட்டம் போட்டார்கள். மேடையில் தாசில்தார், குஞ்சிதபாதம், விளையாட்டுக் கழகத் தலைவர் ஹாஜா மைதீன். ஜவுளிக்கடைக்காரரான ஹாஜா மைதீன் பாய்க்கு ஃபுட்பால் என்றால் உயிர். அவர் தம்பி ஜெக்கரியா ஆற்று மணலில் விளையாடி முழங்காலை ஒடித்துக்கொண்டு இன்றுவரை நொண்டுகிறான். "ஆத்து மணல்ல வெளையாண்டு நம்ம புள்ளைங்க காலை ஒடிச்சுக்குதுங்க. ஒரு கிரவுண்டு கேக்குறது குத்தமாங்க?" என்று கேட்டார். கடைசி வரிசையில் ஒண்டிக்கொண்டு நின்ற பொன்னுத்தாய்க்கே பாவமாக இருந்தது. நல்லதுதான், கட்டட்டும், வேறு இடத்தில் கட்டட்டும் என்று நினைத்துக்கொண்டாள். கீழத்தெருப் பெண்கள் வெளியே ஜன்னலோரம் நின்றார்கள். உள்ளே இடம் இல்லை என்று அவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

தாசில்தார் தன் அறிக்கையைப் படித்தார். "மேற்படி இடத்தில் பயிர் எதுவும் காணப்படவில்லை. வெளியூர் ஆட்டு மந்தைகளும் உள்ளூர் மாடுகளும் நெடுங்காலமாக அங்கு மேய்ந்து வருவதாக, அங்கிருந்த பெண்மணியே தெரிவித்தார். ஆகவே இது மேய்ச்சல் தரிசு."

பொன்னுத்தாய் கடைசி வரிசையிலிருந்து முட்டிமோதிக்கொண்டு முன்னால் வந்தாள். "ஐயையோ! அது மேயற ஆடு இல்லீங்க! கிடை ஆடுங்க! நெல்லு அளந்து நாந்தான் போடச் சொன்னேன். எருவுக்குப் போட்ட கிடைங்க அது!"

ஹால் சலசலத்தது. தாசில்தார் ஹாஜா மைதீனைப் பார்த்தார். துணி விற்கிறவருக்குக் கிடையைப் பற்றி என்ன தெரியும்? "அந்த அம்மா என்னமோ சொல்லுது. வெவரம் தெரிஞ்சவங்க யாராச்சும் சொல்லுங்களேன்" என்றார் பாய், நியாயமாகவே.

தாசில்தார் எழுந்து நின்றார். "விவசாயிங்க இங்க நிறையப் பேர் இருக்கீங்க. பயிர் வைக்கிற நிலத்துலதான் இப்படி ஆடு அடைப்பாங்கன்னா, தெரிஞ்சவங்க கை தூக்குங்க. நான் மறுபடியும் வந்து பார்க்கிறேன்."

ஹாலில் பாதிப் பேர் மிராசுகள். அந்தக் கோடையில் கிடை போடாதவர் அவர்களில் ஒருத்தர் கிடையாது. சாத்தையாவின் மந்தை பொன்னுத்தாயின் வயலிலிருந்து நேரே போனதே குஞ்சிதபாதத்தின் வயலுக்குத்தான். ஒரு கை எழவில்லை. ஜன்னல் கம்பிக்கு வெளியே கீழத்தெருப் பெண்களின் கைகள் எழுந்தன. "உள்ள இருக்கிறவங்க மட்டும்" என்றார் ஒரு குமாஸ்தா.

"ஐயா, நீங்க சொல்லுங்கய்யா. உங்க வயல்ல கிடை போடலியா?" என்று மேடையைப் பார்த்துக் கேட்டாள் பொன்னுத்தாய்.

குஞ்சிதபாதம் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார். "ஆடு மாடு சமாச்சாரமெல்லாம் காரியஸ்தன் பாக்குறது. நான் என்னத்தைக் கண்டேன்?"

அவள் கூட்டத்துப் பக்கம் திரும்பினாள். "பஞ்சநதண்ணே! போன வருசம் உன் வயலுக்கும் என் வயலுக்கும் சேத்துத்தானே கிடை போட்டோம்? கையைத் தூக்குண்ணே. உன் கால்ல வேணா விழறேன், சொல்லுண்ணே!" போலீஸ் வேனில் பேரம் பேசினவள் அத்தனை பேர் முன்னாலும் கையெடுத்துக் கும்பிட்டுக் கெஞ்சினாள். பஞ்சநதம் குனிந்த தலை நிமிரவில்லை. அவனுக்கும் வீட்டில் ஐந்து வாய் இருந்தது.

தாசில்தார் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார். தீர்மானம் கைதட்டலோடு நிறைவேறியது. ஸ்டேடியத்துக்கு யார் பேர் என்பதற்கு மட்டும் முடிவு கிடைக்காமல் மறுபடியும் அடித்துக்கொண்டார்கள்.

சங்கத்தார் மனுக் கொடுத்தார்கள், ஊர்வலம் போனார்கள், ஒன்றும் நடக்கவில்லை. ஆனியில் தரையை மட்டம் செய்யும் வேலை ஆரம்பித்தது. மேல்மண்ணை வெட்டிச் சுமக்க ஆள் கேட்டுக் காரியஸ்தன் கீழத்தெருவுக்கு வந்தான். பொன்னுத்தாய் வீட்டில் மிச்சமிருந்த விதைநெல்லையும் குத்திச் சாப்பிட்டாகிவிட்டது. வேறு வழி? பெண்களையும் கூட்டிக்கொண்டு அவளும் போனாள்.

மற்ற வயல்களின் மண்ணைப் பக்கத்துக் குட்டையில் கொட்டச் சொன்னார்கள். பொன்னுத்தாயின் மூன்று மா மண்ணை மட்டும் ரோட்டைத் தாண்டிச் சுமந்து குஞ்சிதபாதத்தின் வயலில் கொட்டவேண்டும் என்று உத்தரவு. இதற்கென்றே மிராசு குடையோடு வந்து நின்றார். பெண்கள் வரிசையாகக் கூடையோடு நடந்தபோது பதறினார். "ஏ, பாத்து, பாத்து! சிந்தாம கொண்டுபோங்க. கிடை போட்ட மண்ணு அது!"

பொன்னுத்தாய் நடுரோட்டில் நின்றாள். தலையில் கூடை.

"மேய்ச்சல் தரிசு மண்ணுதானேய்யா? சிந்தினா என்ன?"

பின்னால் வந்த பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். கூடையை அவர் காலடியில் கவிழ்த்துவிடப் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவளும் அதற்காகத்தான் இரண்டு கையாலும் அதை இறுகப் பிடித்தாள். ஆனால் நல்ல மண்ணை ரோட்டில் கொட்ட அவளுக்குக் கை வரவில்லை. வரப்பில் ஏறிப் போய் அவர் வயலில் கொட்டி, குவிந்ததைக் காலால் பரத்திவிட்டு, அடுத்த நடைக்கு வெறுங்கூடையோடு திரும்பி வந்தாள்.