மூடிக்குள் ஒரு ரப்பர் துண்டு

காலை ஒன்பது இருபதுக்குக் கார் நின்றது. எஞ்சின் அணைந்தவுடன் பின் சீட்டிலிருந்த என் மனைவி கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை வாய்விட்டுச் சொன்னாள். மகளின் மூச்சை அவள் அந்தக் கடிகாரத்தை வைத்துத்தான் எண்ணிக்கொண்டிருந்தாள்.

நமுனுகுலப் பக்கமிருந்து பதுளைக்கு இறங்கும் பாதையில், ஒரு வளைவில் நின்றோம். மகளுக்குப் பதின்மூன்று வயது. விடியும்போது தொடங்கிய இழுப்பு இன்ஹேலருக்கு அடங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர இன்னும் பாதித் தூரம் இருந்தது.

அந்தக் கார் என்னைவிட மூத்தது. எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் பெரிய கிளாக்கராக இருந்தவருடையது. ஞாயிறுதோறும் என் தகப்பனார் அதைக் கழுவிக் கொடுப்பார். உள்ளே ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. நான் ஆசிரியரான பிறகு அதை வாங்கினேன். ஒரு வருடமாக அதில் ஒரு கோளாறு. தூரப் பயணத்தில் திடீரென்று நிற்கும், அரை மணி நேரம் ஸ்டார்ட் ஆகாது, பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். கராஜுக்குப் போகும் வழியில் பெற்றோல் அடிப்பேன். அங்கே போனால் நல்ல பிள்ளையாக ஸ்டார்ட் ஆகும். கராஜ் மெக்கானிக்கான பாஸ் காபரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார், பெற்றோல் பம்பை மாற்றினார். கடைசியில், "சேர், இதுக்கு ஒங்களோட மட்டுந்தான் கோவம்" என்று சிரித்தார்.

நான் பொனட்டைத் திறந்து காபரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றினேன். மனைவியை ஸ்டார்ட்டரை அடிக்கச் சொன்னேன். ஒரு துளி பெற்றோல் வரவில்லை. சூட்டில் குழாய்க்குள் ஆவி கட்டியிருக்கும் என்று நினைத்து, மகள் குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரில் பாதியைத் துணியில் ஊற்றி பம்பின் மேல் சுற்றினேன்.

"ஏங்க, இவ உதடு நெறம் மாறுதுங்க" என்றாள் மனைவி.

அப்போது ஃபெக்டரிக்குத் தேயிலைக் கொழுந்து ஏற்றிப் போகும் லொறி வந்தது. டிரைவரின் இரண்டு பிள்ளைகளும் என்னிடம் படித்தவர்கள். எட்டிப் பார்த்தவர் இறங்கி வந்து மகளைத் தூக்கி லொறியின் முன்சீட்டில் உட்கார வைத்தார்.

"கொழுந்து அவிஞ்சு போகுமே" என்றேன்.

"அவிஞ்சா அவியட்டும் சேர், ஏச்சு எனக்குத்தானே. அம்மா, நீங்க புள்ளைக்குப் பக்கத்துல ஏறுங்க. சேர், நீங்க பின்னால கொழுந்து மேல ஏறுங்க."

நான் ஏறவில்லை.

"வளைவுல நிக்குது, பஸ் வந்தா மோதும். நான் காரை எடுத்துக்கிட்டு வந்துர்றேன்."

"இது கும்புட வச்சிருக்கிற காருங்க சேர், ஏறிப் போற காரில்ல" என்று சொல்லிவிட்டு அவர் லொறியை எடுத்தார். கண்ணாடி வழியே மகள் என்னைப் பார்த்துக்கொண்டே போனாள்.

வளைவு என்பது பாதி உண்மை. தள்ளி ஓரம் கட்ட இரண்டு பேர் போதும். டிரைவரும் நானும் இருந்தோம். அந்தக் காரில் மகளை வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும் என்பதுதான் என் மனதில் இருந்தது. அதை இப்போதுதான் எழுத முடிகிறது.

டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று குச்சி விட்டுப் பார்க்க மூடியைத் திருகினேன். உஸ்ஸென்று காற்று உள்ளே பாய்ந்தது. மூடியைத் திருப்பிப் பார்த்தேன். சைக்கிள் டியூபில் வட்டமாக வெட்டி நானே ஒட்டிய ரப்பர். பெற்றோலுக்கு நாள் கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில், மூடியிலிருந்த சிறு துவாரத்தால் பெற்றோல் ஆவியாகிப் போகிறது என்று யாரோ சொல்ல, அதை அடைத்திருந்தேன். வரிசைகள் முடிந்தன, ரப்பரை மறந்துவிட்டேன். எடுத்த பெற்றோலுக்கு ஈடாகக் காற்று உள்ளே போக வழியில்லாததால், கொஞ்ச தூரம் ஓடியதும் பம்பால் இழுக்க முடியாமல் போயிருக்கிறது; நின்ற அரை மணி நேரத்தில் மெல்லக் காற்று கசிந்து உள்ளே போனதும் மறுபடி ஓடியிருக்கிறது. கராஜுக்குப் போகும் வழியில் பெற்றோல் அடிப்பவர் மூடியைத் திறந்துவிட்டதால் பாஸின் கண்ணில் கோளாறு படவே இல்லை.

நகத்தால் ரப்பரைப் பிய்த்தேன். குழாயை மாட்டி ஸ்டார்ட்டரைத் திருகினேன். கார் உடனே பிடித்துக்கொண்டது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு மருந்துப் புகை வைத்திருந்தார்கள். உள்ளே மனைவி மட்டும் இருக்கலாம் என்றார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று நர்ஸ் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நான் வராந்தாவில் நின்றேன். அந்த ரப்பர் துண்டு சட்டைப்பையில் இருந்தது.

பின்னேரம் நாலு மணிக்கு, தாயின் கையைப் பிடித்தபடி மகள் நடந்து வந்தாள். உதட்டுக்கு நிறம் திரும்பியிருந்தது. வாசலுக்கு நேரே நிறுத்தியிருந்த காரைக் காட்டி, "சரியாயிடுச்சும்மா, என்ன காரணம்னு கண்டுபிடிச்சிட்டேன்" என்றேன்.

மகள் காரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நாம பஸ்ல போவம்ப்பா" என்றாள்.