மணலில் புதைத்த நாய்

எழுபத்து நாலாம் வருடம் நடந்தது இது. சொல்லத் தொடங்கினால் இன்றைக்கும் எனக்குக் கோபம்தான் முதலில் வருகிறது. நன்றி அதற்குப் பிறகுதான்.

கீழவைப்பாரில் எங்கள் பக்கத்து வீடு மிக்கேல் சம்மாட்டியுடையது. பல வள்ளங்களுக்குச் சொந்தக்காரர். அவருடைய நாய் என் மகள் செலினின் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. ஆறு வயதுப் பிள்ளை. நாயைச் சீண்டக்கூட இல்லை. என் வீட்டுக்காரர் தோணியில் கொழும்புக்குப் போயிருந்தார்.

சம்மாட்டியிடம் ஓடினேன்.

"வீட்டு நாய்க்கு ஏதுளா வெறி? சுண்ணாம்பத் தடவு, சரியாப் போவும்" என்றார்.

ஊசி போடப் போகிறேன் என்றதற்கு, "மாதா மேல நம்பிக்கை இல்லாதவதான் ஊசிக்கு ஓடுவா" என்று அங்கே நின்ற ஊர்க்காரி ஒருத்தி சொன்னாள். என்ன பேச்சு அது! பெற்றவளிடம் பேசுகிற பேச்சா?

வேலி வழியே அந்த நாயைப் பார்த்தேன். குரல் கம்மி, வாயில் நுரை தள்ள, சங்கிலியைக் கடித்துக்கொண்டிருந்தது. மறுநாள் அதைக் காணவில்லை. கேட்டால், "அவுத்துக்கிட்டு ஓடிட்டு" என்றார் சம்மாட்டி.

மாதா கோவிலுக்குப் போய் முழந்தாளிட்டேன். 'தாயே, அற்புதம் கேட்கவில்லை. உண்மையை மட்டும் காட்டு' என்று அழுதேன்.

எழுந்திருக்குமுன் பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். சம்மாட்டியின் மனைவி ரோசம்மாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு என் காதோரம் குனிந்தாள்.

"ஏளா, நாய் ஓடல. செத்துப் போச்சு. வெளிய தெரிஞ்சா கேவலம்னு மணல்ல பொதைச்சிட்டாரு. பிள்ளையத் தூக்கிட்டு ஓடு."

ஓடினேன். உப்பு லாரியில் ஏறித் தூத்துக்குடி பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினார்கள்.

"நோய் கண்டுட்டா அப்புறம் மருந்தே கிடையாதும்மா. ஏன் உடனே வரல?" என்று டாக்டர் சத்தம் போட்டார்.

தினமும் தொப்புளைச் சுற்றி ஊசி. செலின் கதறுவாள், நானும் கூடவே அழுவேன். என் பிள்ளை பிழைத்தாள்.

ஊர் திரும்பியதும், ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் நிற்கையில் சம்மாட்டியைக் கேட்டேன்: "பச்சப் பிள்ள உசிரவிட ஒங்க கௌரவம் பெருசாப் போச்சோ?"

"ஒனக்கு எவ சொன்னா?" என்று சீறினார்.

"நாந்தான் சொன்னேன்" என்று ரோசம்மாள் முன்னால் வந்து நின்றாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

மாதா என் ஜெபத்தைக் கேட்டாள். பயந்த ஒருத்திக்குத் தைரியம் கொடுத்து, அவள் வாயால் பதில் சொன்னாள். அதன்பிறகு எங்கள் ஊர் நாய்களுக்கு மாட்டாஸ்பத்திரிக்காரர்களை அழைத்து வந்து ஊசி போட வைத்தோம். முதலில் கொண்டுவந்து நிறுத்தப்பட்டவை சம்மாட்டி வீட்டில் மிச்சமிருந்த நாய்கள்.

அன்பானவர்களே, நாயோ பூனையோ கடித்தால் சுண்ணாம்பு வைக்காதீர்கள். சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு உடனே ஊசிக்குப் புறப்படுங்கள். மாதாவை நம்புங்கள், ஜெபமாலையைப் போகிற வழியில் சொல்லலாம்.