மிஞ்சிய ஸ்டூ

அப்பாவுக்கு மதுரையில் புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொண்டிருந்த வருடம், எங்கள் வீட்டில் சமைப்பதைவிட மிஞ்சியதை எடுத்துவைப்பதே பெரிய வேலையாகிவிட்டது. நான் இங்கே மலையில் ஏரிப் பக்கம் ஒரு ஹோட்டலில் ஹவுஸ்கீப்பிங். மெத்தை விரிப்புகளை உருவி, மாற்றி, வீடு வந்து சேரும்போது தோள்பட்டை கழன்று விழுவதுபோல் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் வில்பட்டியிலிருந்து அத்தை வருவார். அப்பாவின் ஒரே தங்கை. அண்ணனுக்குத் தெம்பு வரவேண்டும் என்று பெரிய சட்டி நிறைய ஆட்டுக்கறி ஸ்டூ கொண்டுவருவார். அப்பா அதில் நாலு கரண்டி சாப்பிட்டால் அதிகம். ஆனால் மறுநாள் சுண்டவைத்த கறி அவருக்கு வேண்டும். பள்ளிக்கூட வேன் ஓட்டிய காலம் முழுக்க அப்படிச் சாப்பிட்டே பழகியவர்.

"இந்தக் குளிருக்கு பிரிட்ஜு எதுக்கு? அடுப்பு மேலயே கெடக்கட்டும். காலையில ஒரு கொதி விட்டாப் போதும்" என்பார் அப்பா.

ஆஸ்பத்திரி நர்ஸ் வேறு மாதிரி சொல்லியிருந்தார். "நமக்கு வயித்து வலியோட போறது அவரை ஐசியூவுல கொண்டுவிட்டுரும்மா. அன்னன்னிக்குச் சமைச்சதுதான் நல்லது. முடியலன்னா சட்டியோட வைக்காதீங்க, நடுவுல சூடு ஆறவே ஆறாது."

அதனால் அத்தை பஸ் ஏறியதும் என் வேலை தொடங்கும். ஸ்டூவைக் கொதிக்கவிட்டு, அகலமான தட்டுகளில் ஊற்றி, அடியில் குளிர்ந்த தண்ணீர் வைத்து ஆறவைப்பேன். பிறகு ஒரு வேளைக்கு ஒரு டப்பா. நாளைக்குள்ளது பிரிட்ஜின் கீழ்த்தட்டில், மற்றவை ஃப்ரீசரில். எடுத்த டப்பாவைத் தளதளவென்று கொதிக்கவைத்து ஒரே தடவையில் தீர்க்கவேண்டும். குழாய்த் தண்ணீரில் விரல்கள் மரத்துப்போகும். எதற்கு இதெல்லாம் என்று தோன்றும்.

ஒரு ஞாயிறு, டப்பாக்களை அடுக்கிய கொஞ்ச நேரத்தில் காற்றும் மழையும் பிடித்தன. மரம் சாய்ந்து கரண்ட் போனது. மறுநாள் சாயங்காலம் நான் வேலையிலிருந்து திரும்பியபோதும் வரவில்லை. ஃப்ரீசரைத் திறந்தேன். ஐஸெல்லாம் உருகி, டப்பாக்களைத் தொட்டால் சில்லென்றுகூட இல்லை. மணம் மட்டும் அப்படியே இருந்தது. கொல்லையில் குழி தோண்டி எல்லாவற்றையும் கொட்டினேன்.

"கொட்டிட்டியா தாயி?" அப்பா கட்டிலிலிருந்து கேட்டார்.

"ஆமாப்பா."

"மோந்து பாத்தியா? நல்லாத்தான இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா உங்களுக்கு நம்பிக் குடுக்க முடியாதுப்பா."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சமாதானம் சொல்ல எனக்குத் தெம்பில்லை. ரவைக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன். பாதி குடித்தார்.

அடுத்த ஞாயிறு, அத்தை சட்டியை இறக்குவதற்குள் சொல்லிவிட்டேன். "அத்தை, இனிமே இவ்வளவு வேண்டாங்க."

அவர் முகம் வாடிப்போனது. "எங் கைப்பக்குவம் பிடிக்காமப் போச்சாக்கும்."

"ஐயோ, அது இல்ல. ஆறவச்சு, டப்பாவுல ஊத்தி, திரும்பக் கொதிக்கவச்சு... என்னால முடியலத்தை." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. துக்கமெல்லாம் இல்லை, வெறும் அசதி.

அத்தை சட்டியைத் தூக்கிக்கொண்டார். வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போய்விட்டார். கோபித்துக்கொண்டார் என்றுதான் நினைத்தேன்.

புதன்கிழமை சாயங்காலம் நான் வீடு வந்தபோது அத்தை வாசலில் நின்றிருந்தார். பையில் அரைக்கிலோவுக்கும் குறைவாகப் பச்சைக்கறி, இரண்டு கேரட், ஒரு உருளைக்கிழங்கு.

"ஏத்தா, நீ போய்ப் படு. அண்ணனுக்கு வேணுங்கிறத மட்டும் இங்கயே வச்சுக் குடுக்குறேன். மிஞ்சாது."

மருந்து ஏற்றி முடிந்து அப்பா தேறி எழும்வரை வாரம் இரண்டு தடவை அப்படித்தான் வந்தார். அன்று முதல்நாள், நான் ஸ்வெட்டரைக்கூடக் கழற்றாமல் தூங்கிப்போனேன். விழித்தபோது அடுக்களையில் அண்ணனும் தங்கையும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "எந்திரிச்சிட்டாளா? வெரசா போடு, அவ இன்னும் சாப்பிடல" என்றார் அப்பா.

அத்தை எனக்கும் ஒரு கிண்ணம் ஸ்டூ கொண்டுவந்து வைத்தார். ஆவி பறந்தது. சாப்பிட்டு, கை கழுவி, மறுபடியும் படுத்துக்கொண்டேன்.