தறிச் சத்தத்துக்குள் சொன்னவை

விசைத்தறி ஓட்டினவனுக்குக் காதுதான் முதலில் போகும். வாய் கடைசிவரை போகாது. என்னோடு காது மந்தமான கூட்டாளிகளே, இதெல்லாம் நீங்களும் பட்டதுதான்.

குறுக்கே பேசாத ஆள்

சங்கரன்கோவிலில் நான் வேலை பார்த்த கொட்டகையில் தறிகள் ஓட ஆரம்பித்துவிட்டால் பக்கத்தில் நிற்கிறவன் கத்தினாலும் கேட்காது. வேலைப் பேச்செல்லாம் கைச்சாடைதான். அதில் ஒரு வசதியும் உண்டு. மனசில் கிடக்கிறதை வாய்விட்டுச் சொல்லலாம், ஒருத்தர் காதிலும் விழாது. பாதிப்பேர் அப்படித் தறியைப் பார்த்துப் புலம்பிக்கொண்டுதான் நெய்வார்கள்.

என்னை அதில் சேர்க்காதீர்கள். என் மகள் காய்ச்சலில் இறந்தபோது, புளியங்குடியில் எலுமிச்சை வியாபாரம் பார்த்த என் அண்ணன் துஷ்டிக்கு வரவில்லை. அன்றிலிருந்து நான் எலுமிச்சை தொட்டதில்லை, ஊறுகாய்கூட. இதை நான் தறியிடம் சொல்லவில்லை. டீக்கடையில் கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

தறிக்கு ஊடைநூலைத் தாரில் சுற்றிக் கொடுக்கிற செண்பகம், அடித்து நொறுக்கிய புருசனை விட்டு வந்தவள். நாள் முழுக்க அவள் உதடு அசையும், கண் கலங்கும். "யாருகிட்டம்மா பேசுதே?" என்று ஒருநாள் தறி நின்ற சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன்.

"மிஷின்கிட்டதான் அண்ணாச்சி. நான் சொல்லும்போது அது குறுக்க விழுந்து தன் அண்ணன் கதையச் சொல்லாதுல்லா."

கரண்டு போன நேரம்

அந்த வருசங்களில் கரண்டு எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. ஒருநாள் மத்தியானம் எல்லாத் தறியும் ஒரேயடியாக நின்றது. நிற்காதது மாடசாமியின் குரல் மட்டும்தான். ஆள் மலைபோல இருப்பான், எல்லாரையும் மிரட்டுவான். சத்தம் இருக்கிற நினைப்பிலேயே கத்திக்கொண்டிருந்தான்: "நீச்சல் படிக்கணும்னு எங்கய்யா என்னைக் கிணத்துல தூக்கிப் போட்டாரு! இன்னைக்கும் தண்ணித்தொட்டிய எட்டிப் பாக்கப் பயமா இருக்கு!"

கொட்டகை முழுக்கக் கேட்டுவிட்டது. அவன் முகம் செத்துப்போயிற்று. சிரிப்போம் என்று நினைத்திருப்பான். மூலைத்தறிக்காரர் மெதுவாக, "எனக்கும் கிணறுதான் வே, எங்க மாமா தள்ளிவிட்டாரு" என்றார். இன்னொருத்தன் சின்ன வயதில் வாங்கிய சூட்டுத் தழும்பைக் காட்டினான். அதிலிருந்து கரண்டு போனால் எல்லோரும் வேப்பமரத்தடிக்கு வந்துவிடுவோம். ஒவ்வொருத்தராகச் சொல்லுவார்கள், மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. மாடசாமி மிரட்டுகிறதை விட்டான். செண்பகம் மிஷினோடு பேசுகிறதை விட்டாள். முதலாளி கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தார்.

"ஏலே, கரண்டு வந்து எவ்வளவு நேரமாச்சு! அழுது முடிச்சவன் தறிக்குப் போ, பாக்கி இருக்கிறவன் நாளைக்கு அழு!"

எலுமிச்சம்பழச் சோறு

மரத்தடியில் என் முறை வந்தால் அண்ணனைத் திட்டுவேன். எல்லோருக்கும் மனப்பாடம். நான் வாயைத் திறந்ததுமே மாடசாமி, "துஷ்டிக்கு வரல, அதானே?" என்பான்.

ஒருநாள் செண்பகம் வேண்டுமென்றே எலுமிச்சம்பழச் சோறு கொண்டுவந்து இலையில் போட்டு என் முன்னால் வைத்தாள். தள்ளிவிட்டேன். "பழம் என்ன பாவம் பண்ணுச்சு அண்ணாச்சி?" என்றாள். கோபத்தில் வழக்கம்போல ஆரம்பித்தேன். அண்ணன் வரவில்லை, பஸ் ஏறினால் வந்துவிடலாம், வரவில்லை. மாடசாமி குறுக்கே வரவில்லை. நான் எப்போது தடம் மாறினேன் என்று தெரியாது. பொன்னியைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியதைச் சொன்னேன். சுடச்சுட இருந்த உடம்பு என் தோளிலேயே குளிர்ந்ததைச் சொன்னேன்.

கரண்டு வந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. முதலாளியும் வாசலில் நின்றார், கத்தவில்லை. செண்பகம் இலையை மறுபடி என் பக்கம் நகர்த்தினாள்.

"உங்க அண்ணன் பேரு ஊருக்கே தெரியும் அண்ணாச்சி. பிள்ள பேரு பொன்னின்னு இன்னைக்குத்தான சொன்னிய."

இப்போது எலுமிச்சை ஊறுகாய் தொட்டுக்கொள்கிறேன். அண்ணனோடு பேச வேண்டுமென்றால் மட்டும், அதற்கு இன்னும் நிறையத் தடவை கரண்டு போக வேண்டும்.