என்ர கையாலேயே அழிச்ச ஸ்கிரிப்ட்

அந்தப் பிள்ளையைப் பற்றி ஆரும் ஒரு நல்ல சொல் சொன்னால் எனக்கு இப்பவும் வயிறு எரியும். முதலே சொல்லிப்போட்டன்.

சண்டை நடந்த காலம். உள்துறைமுக வீதிப் பக்கம் ஒரு ரியூசன் வகுப்பறையில சனிக்கிழமை பின்னேரங்களில கொஞ்சப் பேர் கூடுவம். அச்சகத்தில, பள்ளிக்கூடத்தில, கந்தோரில கொம்பியூட்டரில தமிழ் தட்டுற ஆக்கள். எல்லாரும் லினக்ஸில ஒரே எடிற்றரைப் பாவிக்கிறவை. அந்த எடிற்றருக்கெண்டு ஸ்கிரிப்ட், அதுதான் சின்னச் சின்ன நிரல், எழுதுவம். ஒண்டு தேவையில்லாத இடைவெளியை எடுக்கும், இன்னொண்டு நீட்டு வரியை ஒழுங்கா உடைக்கும். எழுதினதைப் பொதுவான ஒரு பென் டிரைவில போட்டால் அது ஆள் மாறி ஆள் போகும். வீட்டில இன்ரநெற் அப்ப ஆருக்கு!

ஒரு சட்டம் வச்சிருந்தம். ஒரு வேலைக்கு ஒரு ஸ்கிரிப்ட்தான் டிரைவில இருக்கலாம். ரெண்டு பேர் எழுதினால் எல்லாருமா ஓட்டிப் பாத்து ஒண்டைத் தெரிவு செய்யவேணும். தோத்தவர் தன்ரயைத் தன்ர கையாலேயே அழிக்கவேணும். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது நான்தான், வேற ஆர்!

பழைய எழுத்துருவில தட்டினதை யூனிகோட்டுக்கு மாத்துறதுதான் எங்கட பெரிய தலையிடி. அதுக்கு நான் எழுதின ஸ்கிரிப்ட் கண் மூடித் திறக்க முதல் வேலையை முடிச்சிடும். "மச்சான், நீ இல்லாட்டி எங்கட பாடு அவ்வளவுதான்" எண்டுவாங்கள். அந்த ஒரு கதைக்காகவே நான் கிழமை முழுக்கச் சனிக்கிழமையைப் பாத்துக்கொண்டிருப்பன்.

அப்பதான் அவ வந்தவ. சம்பூரில இருந்து இடம்பெயர்ந்து, சொந்தக்காரர் வீட்டில தங்கி, ஒரு அச்சகத்தில வேலைக்குச் சேர்ந்த பிள்ளை. கொஞ்ச நாள் மூலையில பேசாமல் இருந்தவ. பிறகு ஒரு சனிக்கிழமை, எழுத்துரு மாத்தத் தானும் ஒண்டு எழுதினதாச் சொன்னா.

"குறை இருந்தால் சொல்லுங்கோ அண்ணா."

என்ன அடக்கம் பாருங்கோ! ஒரு கிழமையாக் குறை தேடினன். மருந்துக்கும் ஒண்டு அம்பிடேல்லை.

கோயில் திருவிழா நோட்டீஸ் ஒண்டில ரெண்டையும் ஓட்டினம். ரெண்டும் சரியா மாத்தினது. என்ரதான் முந்தி முடிஞ்சது. "பாத்தியளோ!" எண்டன். ஒருத்தரும் பாக்கேல்லை. எல்லாரும் அவவின்ர ஸ்கிரிப்டைத் திறந்து வாசிச்சுக்கொண்டிருந்தினம். ஒவ்வொரு வரிக்கு மேலயும் தமிழில குறிப்பு எழுதியிருந்தா: இந்த வரி ஏன், இதை மாத்தினால் என்ன நடக்கும் எண்டு. என்ரயில ஒரு குறிப்பும் இல்லை. வேணுமெண்டுதான் விட்டனான். விளங்காட்டித்தானே என்னட்ட வருவாங்கள்!

வயசான அச்சகக்காரர் ஒருத்தர் கேட்டார்: "தம்பி, நீர் இல்லாத நேரம் உம்மடது பிழை விட்டால் நாங்கள் என்ன செய்யிறது?"

"நான் எங்க போகப்போறன்? இஞ்சதான் இருப்பன்" எண்டன், கொஞ்சம் சூடா.

அவ தலையை நிமித்தாமலே சொன்னா: "நாங்களும் ஊரில அப்பிடித்தான் அண்ணா நினைச்சுக்கொண்டிருந்தனாங்கள்."

அதோட எல்லாருமா அவவின்ரயைத்தான் தெரிவு செய்தினம். துறைமுகப் பக்கம் ஏதோ வெடிச்ச சத்தம் கேட்டது, அதுக்கும் ஒருத்தரும் திரும்பேல்லை. நான் என்ரயை அழிக்கக் கொம்பியூட்டருக்கு முன்னால கதிரையை இழுத்துப்போட்டு இருந்தன்.

"வேண்டாம் அண்ணா, ரெண்டும் இருக்கட்டுமே" எண்டு அவ சொன்னா.

அந்த இரக்கத்தைத்தான் என்னால தாங்க ஏலாமல் போச்சு. "சட்டம் சட்டம்தான்" எண்டு சொல்லி அழிச்சன்.

பிறகு அவ கலியாணம் கட்டி வெளிநாடு போட்டா. நான் சொன்னபடி இஞ்சதான். இப்பவும் ஆராவது ஃபோன் எடுப்பினம்: "அண்ணை, அந்த அக்காவின்ர ஸ்கிரிப்ட் ஓடுதில்லை, ஒருக்காப் பாருங்கோவன்." நான்தான் பாக்கிறது! அவவின்ர குறிப்பை வாசிச்சு, அவ சொன்ன இடத்தில, அவ சொன்ன மாதிரியே திருத்துவன். தேத்தண்ணி ஆற முதல் வேலை முடிஞ்சிடும். அவ்வளவு தெளிவா எழுதி வச்சிருக்கிறா, அதுதான் எனக்கு ஆத்திரம்.

கடைசி வரிக்கு மேல இப்பிடி ஒரு குறிப்பு இருக்கு: "திருத்தினவை உங்கட பேரையும் கீழ போடுங்கோ." அதுக்குக் கீழ அவவின்ர பேர் மட்டும்தான் கிடக்கு. எத்தினை தரம் திருத்தியிருப்பன்! அவவின்ர பேருக்குக் கீழ என்ர பேரோ? ஏலாது.