காந்தாரம் வருவதற்கு முன்

பிரஷாந்தி ஒரு கல்யாண விருந்தையே கெடுத்துவிட்டாள் என்று எனக்குச் சொன்னவர் ஜெலுத்தோங் சந்தையில் காய்கறி விற்கும் ஹமீதா அக்கா. அவரும் நேரில் பார்க்கவில்லை. மருமகள் சொன்னதாம்.

“கீபோர்டுல கை இறுகிப்போச்சாம் தம்பி. பொண்ணும் மாப்பிள்ளையும் நடு வழியில நின்னுட்டாங்களாம்!”

சென்னையிலிருந்து கடல் தாண்டி இங்கே வேலைக்கு வந்து மூன்று வருடமாகிறது. இன்னும் எந்தச் செய்தி கேட்டாலும் நேரில் போய் விசாரிக்காமல் எனக்கு இருக்க முடியாது. பிரஷாந்தி பக்கத்து வீடு வேறு. கீரைக்கட்டைக்கூட உள்ளே வைக்காமல் அவள் கதவைத் தட்டினேன்.

பல் மருத்துவமனையில் பதினோரு வருடமாக வரவேற்பு மேசையில் இருப்பவள். “அடுத்தவங்க வாயத் திறக்கச் சொல்லியே என் வயசு போயிருச்சு” என்பாள். தயாளன் நடத்தும் இசைக்குழுவில் அவளுக்கு இடம் கிடைத்து இரண்டு வருடம்தான் ஆகிறது. இப்போது அதுவும் போகப்போகிறது. அடுத்த சனிக்கிழமை நிபோங் திபால் ஊரில் நடக்கும் நிகழ்ச்சிக்கு வேறு ஆள் பார்க்கிறேன் என்று அவர் சொல்லிவிட்டாராம்.

“கை ஒண்ணும் இறுகலண்ணே. இங்க உக்காருங்க.”

சாப்பாட்டு மேசையில் கீபோர்டு இருந்தது. ச, க, ப மூன்றையும் சேர்த்து அழுத்தினாள். வீடு வெளிச்சமானது போல இருந்தது. நடுவிலிருந்த க-வை, அதாவது காந்தாரத்தை, ஒரு கட்டை இறக்கினாள். உடனே சோகம்.

“இப்ப அந்தக் காவையே எடுத்துட்டு, ம வெக்கிறேன்.”

ச, ம, ப. சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியவில்லை. எங்கேயோ இறங்கப் போகிறது, ஆனால் இறங்கவில்லை. என் தோள் தானாக உயர்ந்துகொண்டது.

“இதான் சஸ் ஃபோர் கார்டு, மூணு சுரத்தையும் சேத்து அழுத்துறது. கா இல்லாததால எந்தப் பக்கமும் சாயாது. சாயுற வரைக்கும் சபை காத்துக்கிட்டு இருக்கும்.”

நடந்தது இதுதான். மணமக்கள் மேடைக்கு வரும்போது மணப்பெண்ணின் சேலைக் கொசுவம் அவிழ்ந்துவிட்டது. பெண்ணின் தங்கை பிரஷாந்தியிடம் கையைக் காட்டி ‘பொறு’ என்றிருக்கிறாள். பிரஷாந்தி இந்தக் கார்டைப் பிடித்துக்கொண்டு தாளத்தோடு ஓட்டினாள். யாருக்கும் எதுவும் தெரியவில்லை. ஆனால் பக்கத்தில் புல்லாங்குழல் வாசித்த தயாளனுக்குக் காந்தாரம் இல்லாமல் நிற்க முடியவில்லை. ராகம் படித்த காது. அவரே அந்தச் சோகமான சின்னக் காந்தாரத்தை ஊதிவிட்டார். அதே நொடியில் கொசுவம் சரியானது. இவள் வெளிச்சமான பெரிய காந்தாரத்தில் வந்து இறங்கினாள். இரண்டும் மோதியதில் மண்டபமே திரும்பிப் பார்த்தது. மறுபடி நடக்கத் தொடங்கிய மணமக்கள் நின்றுவிட்டார்கள்.

“அவர்தானே தப்பா ஊதினார்?” என்றேன்.

“அப்படிச் சொல்ல முடியாதுலா. நிறுத்தி வெக்கப் போறேன்னு நான் அவருக்கு ஒரு சைகை காட்டலையே. கா இல்லன்னா ஆளுக்கு ஒரு கா நெனைச்சுக்குவாங்க.”

போனை எடுத்துத் தயாளனுக்கு ஒரு குரல் செய்தி பதிவு செய்தாள். கார்டு பெயர் எதையும் சொல்லவில்லை.

“அண்ணே, நான் ச-ம-ப புடிச்சா கா இன்னும் வரலன்னு அர்த்தம். வர்றப்ப தலைய ஆட்டுறேன். அதுவரைக்கும் நீங்க ச-லயும் ப-லயும் மட்டும் நில்லுங்க. சைகை காட்டாதது என் தப்பு.”

பின்னாலேயே அந்தக் கார்டை நீளமாக வாசித்து அனுப்பினாள். இரண்டு நீலக் குறி விழுந்தது. அவர் பார்த்துவிட்டார். அவள் கீரையை ஆய ஆரம்பித்தாள், என்னுடைய கீரையை. நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கால் மணி நேரம் கழித்துத் தயாளனிடமிருந்து ஓர் ஒலிப்பதிவு வந்தது. பேச்சே இல்லை. அவள் அனுப்பிய கார்டை ஓடவிட்டு, மேலே புல்லாங்குழல்: ச... ப... மறுபடி ச. காந்தாரத்தின் பக்கமே போகவில்லை.

பிரஷாந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடிக்கும் முன்பே போன் மணி அடித்தது. திரையில் தயாளன் பெயர்.

“எடுங்க, எடுங்க!” என்றேன். போனை அவள் பக்கம் தள்ளினேன்.

“இருங்கண்ணே. உடனே எடுத்தா, போனையே பாத்துக்கிட்டு இருந்தேன்னு நெனைப்பாருலா. மூணு தடவ அடிக்கட்டும்.”

இரண்டாவது முறை அடித்தது.